நூற்று எண்பத்தைந்து

செவ்வாய்ப்பேட்டையில் ஒரு காதுகுத்து.
ஏழு சேகோ ஆலைக்காரர்கள்
ஏழு கார்களில் வந்து இறங்கினார்கள்.
ஏழு பேரும் எழுதிய மொய்
நூற்று எண்பத்தைந்து ரூபாய்.

ஐந்நூற்று ஒன்று, சரி.
ஆயிரத்தொன்று, சரி.
ஒற்றை ரூபாய் ஒட்டாத இந்தத் தொகையை
எந்தக் குலசாமி கேட்டது?

அடுத்த திங்கள்
ஆத்தூரிலும் வாழப்பாடியிலும் கெங்கவல்லியிலும்
மரவள்ளிக் கிழங்கு பாயிண்ட் ஒன்றுக்கு
நூற்று எண்பத்தைந்து.
முந்தின வாரம் இருநூற்று நாற்பது.

மொய் எழுத உட்கார்ந்திருந்த பச்சியண்ணனுக்கு
மல்லியகரையில் இரண்டு ஏக்கர் கிழங்கு.
நோட்டை உரச்சாக்குப் பையில் சுருட்டிக்கொண்டு
அஸ்தம்பட்டியில் என் மாடிக்கு ஏறி வந்தார்.
"இதுல ஏதாச்சும் பாயிண்ட் இருக்குதுங்களா?"

அதுவரை நான் செக் வழக்குக்காரி.
வங்கி திருப்பிய காகிதங்களில் வயிறு வளர்த்தவள்.
கீழே தட்டுவடை செட் கடை;
என் அஃபிடவிட் எல்லாம் லேசாய்ப்
பூண்டுச் சட்னி மணக்கும்.

அவர்தான் சொல்லித் தந்தார்:
கிழங்கைத் துண்டு போட்டுத்
தண்ணீருக்குள் தொங்கவிட்டு நிறுப்பார்களாம்.
உள்ளே எவ்வளவு கனக்கிறதோ
அவ்வளவு மாவு.
அன்றிலிருந்து கட்சிக்காரர் சொல்வதை எல்லாம்
மனசுக்குள் ஒரு வாளித் தண்ணீர் வைத்துக் கேட்கிறேன்.

ஆர்டர் ஒன்று, ரூல் எட்டு.
எல்லோருக்காகவும் ஒருவர் வழக்காடலாம்,
எல்லோருக்கும் தெரிவித்துவிட்டு.
அறுநூற்று நாற்பது பெயர்.
அதில் பதினோரு பெருமாள்.
கிணத்துப் பெருமாள், போர்ப் பெருமாள்,
ரெண்டு பொண்டாட்டிப் பெருமாள் என்றே
பட்டியலில் ஏற்றினேன்.
ரிஜிஸ்ட்ரி சிவப்பு மையில் திருப்பியது.
மூன்றாமவர் மட்டும்
அப்படியே இருக்கட்டும் என்றார்.

பிறகு டில்லி.
குளிரூட்டிய அறை, கனிவான குரல்கள்.
மொய் என்றால் என்ன என்று கேட்டார்கள்.
பரிசு என்றேன்: அப்படியானால் திரும்பாதே?
கடன் என்றேன்: அப்படியானால் வட்டி எங்கே?
ஒரு சொல்லுக்கு மூன்று வாய்தா.
எதிர்த்தரப்பு சீனியர் சிரிக்காமல் சொன்னார்:
அன்புக்கு விலை ஒன்றாயிருப்பது
குற்றமா, கனம் உறுப்பினர்களே?
நானே ஒரு நொடி தலையாட்டிவிட்டேன்.

முதலில் ஒப்புக்கொள்பவருக்கு
அபராதத்தில் தள்ளுபடி உண்டு.
சட்டத்துக்கும் கடைவீதி தெரியும்.
நான்காம் ஆலைக்காரர் ஏற்காட்டு மலையேறிப்
பதினெட்டாவது வளைவில் காரை ஓரங்கட்டி
வக்கீலுக்குப் போன் போட்டாராம்,
மற்ற ஆறு பேருக்கு முன்னால்.
கீழே சேலம் முழுக்க விளக்கு எரிந்தது,
ஒவ்வொன்றும் என்னையே பார்ப்பது போல, என்று
சாட்சிக் கூண்டில் சொன்னார்.
பதிவேட்டிலிருந்து அந்த வரியை நீக்கினார்கள்.

பதினோரு வருடம்.
மூன்று முறை கண்ணாடி மாற்றினேன்.
பாதி வருமானம் இன்னும் செக் வழக்குதான்;
கூட்டு வழக்குக்கு அட்வான்ஸ் தரக்
கூட்டத்தில் யாருக்கும் கை வராது.
நான் போகிற கல்யாணங்களில்
மொய் மேசை கொஞ்சம் தள்ளிப் போடப்படுகிறது.

தீர்ப்பு வந்தது ஒரு புதன்கிழமை,
மின்சாரம் இல்லாத மதியம்.
எண்பத்து நான்கு பேர் இறந்திருந்தார்கள்.
வாரிசுச் சான்றுக்கு அலைகிற பஸ் காசு
சிலருக்கு வரவேண்டிய பங்கைத் தின்றுவிடும்.
அதற்கொரு மனு போடவேண்டும், போடுவேன்.

பச்சியண்ணன் பங்கு நான்காயிரத்து முந்நூற்றுப் பத்து.
செக்கை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
"ஒத்த ரூவா சேத்து எழுதியிருக்கலாமுங்க."
மேசை டிராயரில் துழாவினேன்.
ஸ்டாம்ப், குண்டூசி, வளைந்த சாவி,
அடியில் ஒரு ரூபாய்.

வாங்கி மேல்பையில் போட்டுக்கொண்டு
என் ஊரும் இனிஷியலும் கேட்டார்.
நோட்டு இன்னும் கோர்ட்டில் இருக்கிறது, என்றேன்.
பரவால்லீங்க, என்று
செக் வந்த கவரின் பின்பக்கம்
குறித்துக்கொண்டார்.